சலாபக் கரையின் வெடுக்கு

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று நீளும் கரையில் நடந்த முத்துக் குளிப்பைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் பலர், முத்தைச் சொல்லி முடித்த கையோடு நாற்றத்தையும் சொன்னார்கள். அதற்குக் காரணம் இருந்தது. சலாபம் என்று அழைக்கப்பட்ட இந்த முத்துக் குளிப்பில், 1905ஆம் ஆண்டில் மட்டும் 318 படகுகள் கடலுக்குப் போயின. ஏறத்தாழ 5,000 சுழியோடிகளும் அதே அளவு கயிறு பிடிப்போரும் வேலை செய்தார்கள். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரைக்கு வந்தன. அரசுக்குக் கிடைத்த வருமானம் 25 இலட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்தச் சிப்பிகளில் பெரும்பங்கு கரையிலேயே கிடந்து அழுகியது. மறு ஆண்டு மரிச்சுக்கட்டி முகாமில் இளம் அதிகாரியாகக் கடமை பார்த்த லெனாட் வூல்ஃப், 1961இல் வெளிவந்த தம் நினைவு நூலிலும் அந்த வாடையையும் ஈக்களையும் விடாமல் எழுதினார். அரை நூற்றாண்டு போன பின்னும் மூக்கு அதை மறக்கவில்லை. இன்று வீட்டிலேயே இயற்கை முறையில் உடல் வாடையைப் போக்கும் செய்முறைகள் ஊரெங்கும் பேசப்படும்போது, இந்தக் கரையின் வரலாற்றை எடுத்துப் பார்ப்பது பயன்தரும். உடல் வாடை என்பது பூசிக்கொள்ளும் பொருளால் தீர்வதற்கு முன்னமே, கிடைக்கும் நன்னீராலும் செய்யும் வேலையின் ஏற்பாட்டாலும் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு அதிகம் இல்லை.

சிப்பி எப்படி நாறியது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் புறப்பட்ட படகுகள் பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். சிப்பிகளை அரசின் கொட்டு எனப்பட்ட வேலி அடைப்புக்குள் சுமந்து சென்று மூன்று பங்காகக் குவிப்பார்கள். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். நாட்டுக்கோட்டைச் செட்டிமார், கீழக்கரை மரைக்காயர்மார், பம்பாய் வணிகர் என்று ஏலம் எடுத்தவர்கள் அவற்றைத் தங்கள் தனிக் கொட்டுகளுக்குக் கொண்டுபோய் மூடி வைப்பார்கள். ஒரு கிழமை, சில வேளை அதற்கும் மேல், வெயிலில் கிடக்கும். ஈ முட்டையிட்டுப் புழு வைத்து, புழு தசையைத் தின்று தீர்க்கும். மிஞ்சுவதைப் பழைய வள்ளங்களில் கடல்நீர் விட்டு ஊறவைத்து, ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழுவி எறிந்து, அடியில் தங்கும் கசடை உலர்த்துவார்கள். உலர்ந்த கசடைப் பெண்களும் பிள்ளைகளும் விரலால் அளைந்து அளைந்து மணல்மணி அளவான முத்தைக்கூடப் பொறுக்கி எடுப்பார்கள். அழுகல் நீரில் முழங்கை மட்டும் கை விட்டு நின்ற கூலிகளின் தோலிலும் துணியிலும் அந்த வெடுக்கு ஏறாமல் எப்படி இருக்கும்? அந்த மணம் அவர்களுடைய உடலில் ஊறியதன்று. ஏலமும் பங்கீடும் சேர்ந்து உண்டாக்கிய மணத்தை அவர்கள் சுமந்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அழுகவிடாமல் வேறு வழி உண்டா? ஒவ்வொரு சிப்பியையும் கத்தியால் திறந்தால் கோடிக்கணக்கான சிப்பிக்கு ஆள் ஏது? தசைக்குள் ஒட்டிக் கிடக்கும் சிறு முத்துகள் கைதவறிப் போகாவா? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அழுகவிடுவது தொழிலின் தேவையால் வந்த வழிதான், யாரையும் இழிவுபடுத்த உண்டாக்கியதில்லை. என்றாலும் அந்த அழுகலோடு யார் எவ்வளவு நெருக்கமாக வாழ வேண்டும் என்பதைத் தொழிலின் தேவை தீர்மானிக்கவில்லை. ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை கட்டிய டோரிக் மாளிகை அரிப்புக் கரையில் நின்றது. சந்தையும் கொட்டுகளும் கூடிய சிலாவத்துறைக்கும் அதற்கும் இடையில் நல்ல தூரம் இருந்தது. அதிகாரம் உள்ளவர்கள் வாடையைத் தூரத்தால் தீர்த்துக்கொண்டார்கள். கழுவுகிறவர்களும் பொறுக்குகிறவர்களும் கொட்டை ஒட்டிய ஓலைக் குடிசைகளில் படுத்தார்கள். இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே சிப்பிதான்.

சுழியோடியின் உடலை எண்ணிப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் உறுதிப்படும். காலில் கல்லைக் கட்டி அல்லது கல்லின்மேல் கால் வைத்து இறங்கி, ஒரு நிமிடம் அளவுக்கு மூச்சடக்கிச் சிப்பியைக் கூடையில் வாரி மேலே வருகிறவர் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை அப்படி இறங்குவார். அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் மூக்கில் கிடுக்கி மாட்டினார்கள். தமிழ்ச் சுழியோடிகள் விரலால் பொத்தினார்கள். இருவரும் நாளின் பெரும்பகுதியில் கடல்நீரால் கழுவப்பட்டவர்கள். இப்படிப்பட்ட உடலில் பழைய வியர்வை தங்கிப் புளிக்க நேரமே இல்லை. ஆனால் கடல்நீர் காய்ந்தால் உப்புப் படிகிறது, தோல் வெடிக்கிறது, உப்பேறிய துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. கடலை விட்டு ஏறியதும் ஒரு வாளி நன்னீர் தலையில் விழுந்தால்தான் உடல் உடலாகும். அந்த ஒரு வாளிதான் இந்தக் கரையில் எளிதில் கிடைக்காத பொருள்.

மன்னார்த் தீவு மணலால் ஆனது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழமில்லாத துரவு தோண்டினால் நல்ல நீர். பேராசையோடு ஆழமாகத் தோண்டினால், அல்லது ஒரே இடத்தில் மிகையாக இறைத்தால், உவர் மேலேறி வரும். பெருநிலத்தில் அருவியாறு அரிப்புக்கு அருகே கடலில் கலக்கிறது; உள்ளே கட்டுக்கரைக் குளம் வயல்களைக் காக்கிறது. ஆனால் சலாபம் நடந்தது மாசி, பங்குனி, சித்திரையில், மழை ஓய்ந்து நீர் வற்றும் காலத்தில். சில கிழமைகளுக்குள் பல பத்தாயிரம் பேர் வெறும் மணலில் கூடிய ஊருக்கு, குடிக்க நீர் கொடுப்பதே பெரும்பாடாக இருந்தது. குளிக்க நீர் என்பது அதற்கு அடுத்த கவலை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர்கள் கெட்ட வாடையே நோயைத் தருகிறது என்று நம்பினார்கள். இந்தக் கரையில் அந்த நம்பிக்கை தவறான திசையைக் காட்டியது. 1854இல் இலண்டனில் ஜோன் ஸ்னோ காலரா குடிநீரால் பரவுவதைக் காட்டினார். 1884இல் கல்கத்தாவில் ரொபேட் கொக் அதன் கிருமியை உறுதிப்படுத்தினார். முத்து முகாம்கள் அஞ்சியதும் காலராவுக்கே. கொட்டின் வாடை மூக்கைத் துளைத்தாலும் ஆளைக் கொல்லக்கூடியது மணமே இல்லாத கிணற்று நீர். வாடைக்கும் சரி நோய்க்கும் சரி, கேள்வி தண்ணீரில்தான் வந்து முடிந்தது.

வீட்டு முறைகளுக்கு வருவோம். மீன் வெடுக்கும் வியர்வை வாடையும் வேதியியலில் ஒன்றுக்கொன்று எதிரானவை. இதைப் பிரித்து அறியாமல் செய்யப்படும் எந்தக் கைவைத்தியமும் பாதிதான் பலிக்கும். மீனும் சிப்பியும் கெடும்போது எழுவது பெரும்பாலும் டிரைமெதிலமைன் போன்ற காரத்தன்மை கொண்ட பொருள்களால் ஆன மணம். புளிப்பு பட்டால் அவை உப்பாக மாறி, காற்றில் எழும் தன்மையை இழக்கின்றன. கரையோர வீடுகளில் மீன் வெட்டிய கையில் பழப்புளியையோ பிழிந்த தேசிக்காய்க் கோதையோ தேய்ப்பது அதனால்தான் சரியாக வேலை செய்கிறது. நகக்கண்ணுக்குள் கோதை அழுத்தித் தேய்த்து, அரை நிமிடம் விட்டு, பிறகு கழுவினால் வெடுக்கு போகும். புளிக்கு முன் வெறும் நீரைப் பலமுறை ஊற்றினாலும் போகாது. மீன் வைத்த சட்டிக்கும் அரிவாளுக்கும் இதே முறைதான். ஆய்வுகூடம் எதுவும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கையால் கண்டறிந்த உண்மை இது.

கமக்கட்டு வியர்வையின் கதை வேறு. உடல் முழுக்கப் பரவியிருக்கும் இலட்சக்கணக்கான சாதாரண வியர்வைச் சுரப்பிகள் தருவது உப்பு நீர், அதற்கு மணமில்லை. கமக்கட்டிலும் அரையிலும் உள்ள இன்னொரு வகைச் சுரப்பி, பருவம் வந்தபின் கொழுப்பும் புரதமும் கலந்த சுரப்பை விடுகிறது. அதற்கும் முதலில் மணமில்லை. தோலில் வாழும் கொரினேபாக்டீரியம், ஸ்டஃபைலோகொக்கஸ் வகை நுண்ணுயிர்கள் அதை உடைத்து, புளித்த மணமுள்ள அமிலங்களையும் கந்தகம் சேர்ந்த கடுமையான பொருள்களையும் உண்டாக்குகின்றன. ஆகவே இங்கே செய்யக்கூடியவை சில: சுரப்பைக் கழுவி எடுக்கலாம், நுண்ணுயிரைக் குறைக்கலாம், ஈரத்தைக் குறைக்கலாம், துணியை மாற்றலாம். கழுவுவதற்கு நீர் வேண்டும். மற்றவை எல்லாம் நீர் போதாதபோது நேரத்தை நீட்டித்துத் தரும் துணைகள். இந்த வேலையில் எந்தக் குலத்தின் தோலும் இன்னொரு குலத்தின் தோலைவிட வேறுபட்டதில்லை. கரையாரையும் பரவரையும் கடையரையும் மணத்தின் பேரால் இழித்துப் பேசிய வாய்கள், மீனின் மணத்தை மனிதரின் மணமாக்கின. அந்த இழிசொல்லுக்கு இயற்கையில் ஆதாரம் எதுவும் கிடையாது; அது இன்னும் சில வாய்களில் இருப்பது வெட்கக்கேடு.

நம் முன்னோர் சந்தனமும் வெட்டிவேரும் கிராம்பும் கொண்டு இயற்கையாகவே மணத்தோடு வாழ்ந்தார்களே என்று சொல்பவர்கள் உண்டு. மன்னார்க் கரைக்கு அப்படிச் சொல்ல ஒரு வலுவான சான்றும் இருக்கிறது. மாதோட்டத் துறைமுகத்தில், இன்றைய திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த மேட்டில், 1980களில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் நடத்திய அகழாய்வில் சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் ஏராளமாகக் கிடைத்தன. பின்னர் அங்கே கிடைத்த தாவர எச்சங்களை ஆராய்ந்தவர்கள் கருகிய மிளகையும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு கிராம்பையும் கண்டார்கள். 2018இல் அந்த முடிவு வெளிவந்தது. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய வணிகர் கொஸ்மாஸ், கீழைத்தேசத்திலிருந்து இலங்கைக்கு வந்த சரக்குகளில் அகிலையும் கிராம்பையும் சந்தனத்தையும் சேர்க்கிறார். மணப்பொருள்கள் இந்தத் துறையைத் தொட்டுப் போயின என்பதில் ஐயமில்லை. ஆனால் துறையைத் தொட்டுப் போவது வேறு, துறையில் மூட்டை சுமந்தவனின் கமக்கட்டைத் தொடுவது வேறு. கிராம்பு மொலுக்காத் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான கல் தூரம் கடல் கடந்து வந்த பொருள். சாம்பிராணிக்கும் சந்தனத்துக்கும் கோயிலிலும் அரண்மனையிலும் இடம் இருந்தது. அவற்றை எல்லோரும் நாள்தோறும் பூசிக்கொண்டார்கள் என்று எண்ணுவது, விலையை மறந்து பேசும் பேச்சு.

எல்லோருக்கும் கிடைத்த மணநீர் ஒன்று உண்டு, அது மருத்துநீர். சித்திரைப் புத்தாண்டுக்கு ஈழத்துக் கோயில்களில் அது காய்ச்சப்படும். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, வில்வம், அறுகு, பால், மஞ்சள், மிளகு, சுக்கு என்று பஞ்சாங்கம் பட்டியல் தரும். அந்த ஆண்டுக்கு உரிய இலையைத் தலையிலும் காலடியிலும் வைத்து, மருத்துநீர் தேய்த்து, பிறகு முழுகுவார்கள். மணமும் மருந்தும் சடங்கும் ஒன்றாகக் கலந்த அழகான வழக்கம். ஆயினும் அதை அந்தக் காலத்து வாடைநீக்கி என்று சொல்வது அதற்கும் நியாயமாகாது, நமக்கும் நியாயமாகாது. அது ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குப் பின்னே முழுக்கு வருகிறது. கவனிக்க வேண்டியது அந்த முழுக்கைத்தான். திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தத்தில் தோய்ந்த பிறகே அடியார்கள் கோயிலுக்குப் போகிறார்கள். தேவாரப் பதிகங்களிலேயே பாலாவிக்கு இடம் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த கோயிலை மீட்க 1872இல் ஆறுமுக நாவலர் குரல் கொடுத்தபோதும், அதற்குப் பின் பல தலைமுறை அந்த வேலையைத் தொடர்ந்தபோதும், தீர்த்தம் இல்லாமல் தலம் இல்லை என்பது யாரும் சொல்லாமலே விளங்கிய ஒன்று. மன்னார் முஸ்லிம்களின் வழக்கத்திலும் நீரே முதலில் நிற்கிறது: தொழுகைக்கு முன் ஒளு, வெள்ளிக்கிழமைக் குளிப்பு, அதற்குப் பிறகுதான் அத்தர். அதோடு கமக்கட்டு முடியை நீக்குவதும் மார்க்கம் சொல்லும் தூய்மைகளில் ஒன்று. முடி குறைந்தால் சுரப்பும் நுண்ணுயிரும் தங்கும் இடம் குறைகிறது. கழுவும் நீர் தோலில் படுகிறது. உறுதியான பலன் தரும் பழக்கம் அது. உடல் வாடையைப் பற்றிய பேச்சில் இதை ஏன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது வியப்புத்தான்.

பூச்சுப் பொருளில் நம் ஊரார் கையில் உண்மையில் இருந்தது சீனாக்காரம், அதாவது படிகாரம். நாவிதரின் பெட்டியில் எப்போதும் ஒரு கட்டி கிடக்கும். சவரக் காயத்தில் வைத்தால் இரத்தம் நிற்கும். நனைத்துக் கமக்கட்டில் தேய்த்தால் தோல் சுருங்கி, நுண்ணுயிர் வளர்ச்சி குறையும். இன்று அதையே இரசாயனம் இல்லாத கல் என்று அழகான பெட்டியில் விற்கிறார்கள். படிகாரம் பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட்டு. அலுமினியம் இல்லாத வாடைநீக்கி வேண்டும் என்று தேடிப் படிகாரத்துக்கு வந்து சேர்பவர், தேடியதை விட்டு வேறொன்றை வாங்குகிறார். அமெரிக்காவில் 1888இல் மம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பசை துத்தநாகத்தை நம்பியது. 1903இல் வந்த எவர்டிரை அலுமினியம் குளோரைட்டை நம்பியது. பின்னது தோலை எரித்தது, துணியை அரித்தது. அங்கேயும் முதலில் வாங்க ஆள் இல்லை. குளிப்பதே போதும் என்று பெண்கள் நினைத்தார்கள். 1919இல் ஒடோரோனோ என்ற மருந்துக்கு ஜேம்ஸ் யங் எழுதிய விளம்பரம், உன் வாடை உனக்குத் தெரியாது, மற்றவர்கள் உன் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்ற அச்சத்தை விதைத்தது. ஏறத்தாழ 200 வாசகியர் கோபத்தில் அந்த விளம்பரம் வந்த இதழின் சந்தாவை நிறுத்தினார்கள். மருந்தின் விற்பனையோ ஓராண்டுக்குள் இரட்டிப்பைத் தாண்டியது. தினமும் கமக்கட்டில் ஏதாவது பூசியே ஆக வேண்டும் என்ற எண்ணத்துக்கு நூறு வயதுதான் ஆகிறது. இயற்கைப் பொருளால் வீட்டில் செய்தாலும், செய்யத் தூண்டுவது பெரும்பாலும் அந்த விளம்பரத்தின் அச்சமே.

அப்படியானால் வீட்டுச் செய்முறை வீணா? இல்லை. தேங்காய் எண்ணெயையும் கூவைக்கிழங்கு மாவையும் அப்பச்சோடாவையும் குழைத்துப் பூசும் இன்றைய முறையில் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. எண்ணெயில் உள்ள லோரிக் அமிலம் சில நுண்ணுயிர்களை அடக்கும். மா ஈரத்தை உறிஞ்சும். சோடா புளித்த அமிலங்களை நடுநிலையாக்கும். ஆனால் சோடா காரம். தோலோ இயல்பில் சற்று அமிலமானது, அந்த அமிலத்தாலேயே தன்னைக் காக்கிறது. நாள்தோறும் சோடா பூசினால் பலருக்குக் கமக்கட்டு சிவந்து, எரிந்து, கறுக்கும். சோடா மிகக் கொஞ்சமாக இருக்க வேண்டும். எரிவு கண்டால் விட்டுவிட வேண்டும். தேசிப்புளி இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது: தோலை அமிலமாக்கி நுண்ணுயிரைத் தடுக்கிறது. மீன் வெட்டிய கைக்கு அதைவிட நல்லது இல்லை. கமக்கட்டில் பூசிக்கொண்டு மன்னார் வெயிலுக்குப் போகிறவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளிக்கும். கறை பல கிழமை நிற்கும். இரவில் பூசி, காலையில் கழுவிவிடலாம். துணியையும் மறக்கக்கூடாது. பருத்தி வேட்டியும் சேலையும் நீரைக் குடித்து, துவைத்தால் வாடையை விட்டுவிடும். பொலியெஸ்டர் சட்டையில் வாடை உண்டாக்கும் நுண்ணுயிர் நன்றாக வளர்கிறது. கழுவிக் காயவைத்த சட்டையும் அரை மணி நேர உடல் சூட்டில் பழைய மணத்தைத் திரும்பத் தருவது இதனால்தான்.

1906இல் அரசு, முத்துச் சிப்பி விளையும் கடற்படுகைகளான முத்துப்பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பனியிடம் கொடுத்தது. 1907க்குப் பின் பார்களில் சிப்பி இல்லாமல் போய், கம்பனி 1912இல் கலைந்தது. 1925இல் ஒருமுறை சலாபம் கூடியதோடு கொட்டுகளின் காலம் ஏறத்தாழ முடிந்தது. பேசாலையிலும் வங்காலையிலும் சிலாவத்துறையிலும் மீன்வேலை தொடர்கிறது; கிணற்றுப் பிரச்சினையும் தொடர்கிறது. இந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் நீரில் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் மிகுதி. அந்த நீரில் சவர்க்காரம் நுரைப்பதில்லை. சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகித் தோலிலும் துணியிலும் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் பிசுபிசுப்புப் போகாதது போலவும், குளித்த பிறகும் மணம் நிற்பது போலவும் தோன்றுவது அந்தப் படிவால். பயற்றம் மா அப்படிப் படிவதில்லை. அழுக்கையும் எண்ணெயையும் தன்னோடு எடுத்துக்கொண்டு உவர் நீரிலும் கழுவுப்படும். குளித்து முடிக்கையில் ஒரு செம்பு நீரில் சில துளி தேசிப்புளி விட்டு ஊற்றினால் சவர்க்காரப் படிவும் கரைந்து போகும். கரையோர வீட்டில் செய்துகொள்ளத்தக்க முதல் வாடைநீக்கி இதுவே. எண்ணெயும் மாவும் குழைப்பது அதற்குப் பிறகு, விரும்பினால்.